மேலே ஐஸ் கல், கீழே புளித்த மாவு: ஃபிரிட்ஜின் டீஃப்ராஸ்ட் கோளாறை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "தம்பி, மேல ஐஸு கல்லு மாதிரி கெட்டியா நிக்கிது. கீழ வச்ச மாவு ஒரே நாள்ல புளிச்சுப் பொங்கிருது. கேஸ் போயிருச்சாப்பா?" தெப்பக்குளம், செல்லூர், அனுப்பானடி என்று மதுரைத் தெருக்களில் வீடு வீடாக ஃபிரிட்ஜ் பார்க்கிறவன் நான். திருமங்கலம், மேலூர் வரைக்கும் போவதுண்டு. நான் பார்த்தவரை அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் "இல்லை" என்பதுதான். குளிர்ச்சி தருகிற கேஸ் அப்படியே இருக்கும். படிந்த பனியை உருக்குகிற 'டீஃப்ராஸ்ட்' வேலையில் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கும்.

மேலூர் ரோட்டில் ஒரு குடும்பம் ஒரே கோடையில் இரண்டு தடவை கேஸ் ஏற்றியிருந்தது. இரண்டு தடவையும் ஒரு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. அந்த ஒரு வாரம் ஓடியதற்குக் காரணம் கேஸ் இல்லை. வேலை பார்ப்பதற்காக ஃபிரிட்ஜை ஒரு பகல் ஓர் இரவு அணைத்துப் போட்டிருந்தார்கள், உள்ளே மூடியிருந்த ஐஸ் தானாக உருகிவிட்டது. உண்மையில் கெட்டுப்போயிருந்தது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு பைமெட்டல், அதாவது பனியை உருக்கும் ஹீட்டருக்குக் குளிரைப் பொறுத்துக் கரண்டை விட்டு நிறுத்துகிற சின்ன ஸ்விட்ச். அந்த அம்மா கொடுத்த பணத்தை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. கேஸுக்குப் பணம் கொடுக்கும் முன் நீங்களே என்னென்ன பார்க்கலாம் என்பதை எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

## உங்களிடம் இருப்பது எந்த வகை?

ஃப்ரீசர் சுவரிலேயே வெண்பனி படிந்து, தெர்மோஸ்டாட் திருகின் நடுவில் அமுக்குகிற பட்டன் ஒன்று இருந்தால் அது டைரக்ட் கூல். பெரும்பாலும் சிங்கிள் டோர். பனியை நீங்கள்தான் உருக்கவேண்டும். ஃப்ரீசர் சுவர் வழவழவென்று பிளாஸ்டிக்காக இருந்து, உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டால் அது ஃப்ராஸ்ட் ஃப்ரீ. பெரும்பாலும் டபுள் டோர். அதில் பனி ஃப்ரீசரின் பின்தட்டுக்குப் பின்னால் இருக்கிற காயிலில், அதாவது குளிர்ச்சி தரும் குழாய் வரிசையில் படியும். ஹீட்டர் ஒன்று நாளுக்கு இரண்டு மூன்று தடவை அதைத் தானாக உருக்கும்.

எந்த வகையானாலும் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கை வைக்கும் முன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். ஐஸைக் கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதனாலும் குத்தாதீர்கள். சிங்கிள் டோரின் ஃப்ரீசர் பெட்டி மெல்லிய அலுமினியத் தகடு, கேஸ் போகும் வழி அந்தத் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், அப்போது உண்மையாகவே கேஸ் போய்விடும். மூன்றாவது, பின்பக்கமோ கம்ப்ரஸர் மேலோ ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 'ஆர்-600ஏ' என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. அந்த ஃபிரிட்ஜில் மெழுகுவத்தி, ஹீட் கன் எதையும் கொண்டுபோய் ஐஸ் உருக்கக் கூடாது.

## அறிகுறி: ஃப்ரீசரில் ஐஸ் இருக்கிறது, கீழ்ப்பகுதி குளிரவில்லை (டபுள் டோர்)

எனக்கு அதிகம் வருவது இதுதான். டபுள் டோரில் குளிர்ச்சி உருவாகிற இடம் ஃப்ரீசரின் பின்சுவர் ஒன்றே. அங்கிருந்து ஃபேன்தான் குளிர்காற்றைக் கீழே அனுப்புகிறது. காயிலைப் பனி மூடிவிட்டால் காற்றுக்கு வழி கிடையாது. மேலே கொஞ்ச நாள் தாங்கும், கீழே முதலில் சூடாகும். அதனால் பாலும் மாவும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

### காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை

கீழ்ப்பகுதியின் பின்சுவரில் மேலாகக் காற்று வரும் துளைகள் இருக்கும். மாவுத் தூக்கையோ குழம்புச் சட்டியையோ அதை ஒட்டி வைத்திருக்கிறீர்களா? நாலு விரல் இடைவெளி விட்டுத் தள்ளி வையுங்கள். ஃப்ரீசரிலும் அப்படியே. கறியும் மீனும் பொட்டலம் பொட்டலமாகப் பின்சுவரோடு அடுக்கினால் காற்று சுற்றாது.

அடுத்தது கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கும் ஃபிரிட்ஜின் உடம்புக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வரவேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நாலு பக்கமும் பாருங்கள், முக்கியமாகக் கீல் இருக்கும் பக்கத்தை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் வெளிச்சம் கசியும் இடம் தெரிந்துவிடும். பல வீடுகளில் ரப்பர் கெட்டிருக்காது, அதன் மடிப்பில் பிசுக்கு ஏறியிருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, வளைந்துபோன இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து நீவிவிட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது இந்தச் சின்ன இடைவெளி வழியாகவே காயில் முழுக்கப் பனி ஏறும்.

அப்புறம் ஃபேன். கதவைத் திறந்தால் பல மாடல்களில் ஃபேன் நின்றுவிடும். கதவு ஸ்விட்சை விரலால் அமுக்கிப் பிடித்துக் காது கொடுங்கள். கம்ப்ரஸர் ஓடும் நேரத்தில் ஃபேன் சத்தமே இல்லை என்றால் இரண்டில் ஒன்று: ஐஸ் பிடித்து நிற்கிறது, அல்லது ஃபேன் மோட்டார் போய்விட்டது. எது என்று அடுத்த சோதனையில் தெரியும்.

### 24 மணி நேரச் சோதனை

எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான, செலவில்லாத சோதனை இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மாவையும் பாலையும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். பிளக்கை உருவி, இரண்டு கதவையும் திறந்து வைத்து, கீழே பழைய துணியைப் போட்டு, ஒரு டேபிள் ஃபேனை ஃப்ரீசரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சித்திரை வெயிலில் நாலு மணி நேரத்திலேயே தண்ணீர் ஓடி முடிந்ததுபோலத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். பின்தட்டுக்குப் பின்னால் மூலையில் இருக்கிற ஐஸ் கடைசியாகத்தான் கரையும். முழுதாக 24 மணி நேரம் விடுங்கள்.

மறுநாள் பிளக்கைச் சொருகி ஓடவிடுங்கள். இனி நாள் எண்ணுவதுதான் வேலை.

கீழும் மேலும் நன்றாகக் குளிர்ந்து, ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் கீழ்ப்பகுதி மறுபடி சூடானால், டீஃப்ராஸ்ட் கோளாறு. கேஸ் சரியாக இருக்கிறது. இந்த ஒரு வரியைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். கேஸ் குறைந்த ஃபிரிட்ஜ் ஒரு நாள் அணைத்து வைத்ததால் குணமாகாது.

முதல் நாளிலிருந்தே சரியாகக் குளிரவில்லை, ஆனால் ஃபேன் ஓடுகிறது, கம்ப்ரஸரும் ஓடுகிறது என்றால் அப்போது கேஸையோ கம்ப்ரஸரையோ சந்தேகப்படலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஃபேன் மட்டும் ஓடவில்லை என்றால் ஃபேன் மோட்டார். அது தனி வேலை, பெரிய செலவில்லை.

மாதக்கணக்கில் திரும்ப வரவில்லை என்றால் கதவு சரியாகச் சாத்தாமல் ஒரு ராத்திரி கிடந்திருக்கும். திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வந்து போன வாரத்தில் இது நிறைய நடக்கும்.

### பின்தட்டைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு

ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகியவர் வீட்டில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கோளாறு திரும்ப வந்தபிறகு, ஐஸ் இருக்கும்போதே திறக்கவேண்டும், உருக்கிவிட்டுத் திறந்தால் சாட்சி போய்விடும். பிளக்கை உருவிவிட்டு ஃப்ரீசரின் பின்தட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி மெதுவாக இழுங்கள். ஐஸில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பலம் போடாதீர்கள், தட்டு உடைந்துவிடும். வெதுவெதுப்பான துணியை ஒத்தி ஒத்தி எடுங்கள்.

காயில் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, பஞ்சு மெத்தைபோலப் பனி மூடியிருந்தால் டீஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை. ஒரு மூலையில் மட்டும், ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் பனி இருந்து மீதிக் குழாய்கள் காய்ந்து கிடந்தால் கேஸ் குறைவு. ஒரு பொட்டுப் பனிகூட இல்லை என்றால் கேஸ் முழுக்கப் போயிருக்கலாம், அல்லது கம்ப்ரஸரே ஓடவில்லை. ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

### டைமரா, பைமெட்டலா, ஃபியூஸா, ஹீட்டரா?

பழைய மாடல்களில் உருக்கும் நேரத்தைச் சொல்வது ஒரு சின்ன டைமர். கம்ப்ரஸர் பக்கத்திலோ, கீழ்ப்பகுதியின் தெர்மோஸ்டாட் பெட்டிக்குள்ளோ இருக்கும். மாடலைப் பொறுத்துச் சுமார் எட்டு மணி நேரம் ஓடியபின் கம்ப்ரஸரை நிறுத்தி, இருபது முப்பது நிமிடம் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும். அதன் நடுவில் ஸ்க்ரூ டிரைவர் நுழைகிற ஒரு வெட்டு இருக்கும்.

பேனாவால் அந்த வெட்டு நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒரு நாள் ஓடிய ஃபிரிட்ஜில் மறுநாள் அது கொஞ்சமும் நகரவில்லை என்றால் டைமர் செத்துவிட்டது, வேறு எதையும் பார்க்கவேண்டியதில்லை.

நகர்ந்திருந்தால் அடுத்தது இது. காயிலில் பனி இருக்கும்போதே, பிளக்கை உருவிவிட்டு, அந்த வெட்டைக் கடிகார முள் சுற்றும் திசையில் மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். பிளக்கைச் சொருகுங்கள். ஸ்டெபிலைசரில் டிலே (கொஞ்ச நேரம் கழித்துக் கரண்ட் விடுவது) இருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். கம்ப்ரஸர் மௌனமாக இருந்து, சில நிமிடத்தில் ஃப்ரீசருக்குள் 'சுர்... சுர்' என்று சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்டால் ஹீட்டர், பைமெட்டல், ஃபியூஸ் (அளவுக்குமேல் சூடானால் அறுந்து ஹீட்டரை நிறுத்துவது) மூன்றும் நன்றாக இருக்கின்றன. தானாக அந்த இடத்துக்கு வந்து ஒழுங்காக வேலை செய்யாத டைமர்தான் குற்றவாளி. கம்ப்ரஸரும் மௌனம், ஹீட்டரும் மௌனம் என்றால் அந்த மூன்றில் ஒன்று அறுந்திருக்கிறது. உருக்கிய ஃபிரிட்ஜில் இந்தச் சோதனையைச் செய்தால் தவறான பதில் வரும், ஏனென்றால் குளிர் இல்லாதபோது பைமெட்டல் கரண்டை விடாது. நல்ல ஹீட்டரைக் கெட்டது என்று மாற்றிவிட்டுப் போகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கை உருவிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஃபியூஸ் எப்போதும் 'பீப்' (வழி அறுபடவில்லை என்று மீட்டர் எழுப்பும் சத்தம்) கொடுக்கவேண்டும், இல்லையென்றால் போய்விட்டது. ஹீட்டர் சில நூறு ஓம் காட்டவேண்டும். 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டர் என்றால் ஏறக்குறைய 350 ஓம், 200 வாட் என்றால் 265 பக்கம். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. கண்ணாடிக் குழாய் ஹீட்டராக இருந்தால் முனையில் கறுப்புத் திட்டு கண்ணுக்கே தெரியும்.

பைமெட்டலை அறை வெப்பத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றும் காட்டாது. அது நல்லதாக இருந்தாலும் அப்படித்தான். பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போனால்தான் அது இணையும், அதனால் வெறும் ஐஸ் தண்ணீரில் முக்கினாலும் போதாது. ஒரு தம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டு, ஒரு கை கல் உப்பைக் கலந்து, பைமெட்டலைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு அதற்குள் பதினைந்து நிமிடம் புதைத்து வையுங்கள். அப்போது 'பீப்' வரவேண்டும். வெளியே எடுத்துச் சூடானதும் நிற்கவேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் மாற்றவேண்டும். அதன் முகம் உப்பியிருந்தால் சோதனையே தேவையில்லை. உடம்பில் எழுதியிருக்கும் அதே எண் உள்ளதை வாங்குங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். ஹீட்டர் நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காமல் சூடேறியதால்தான் அது அறுந்திருக்கும், அதாவது பைமெட்டல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சிலர் ஃபியூஸை வெட்டியெடுத்துவிட்டு வயரை நேராக முறுக்கி விடுகிறார்கள். அதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். சுற்றிலும் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் இருக்கிற இடத்தில் நிற்காத ஹீட்டர் என்றால் வீடு பற்றிக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் பனி மிஞ்சுகிறதா? வோல்டேஜைப் பாருங்கள். ஊர்க்கோடி வீடுகளில், பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில், 180 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் ஹீட்டர் கொடுக்கும் சூடு அறுபது சதவீதம்தான். கிடைத்த அரைமணி நேரத்தில் பனி பாதி உருகி, அந்தத் தண்ணீரே மறுபடி ஐஸாகிவிடும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பாகத்தையும் மாற்றாமல், நல்ல ஸ்டெபிலைசர் வைத்த பிறகு கோளாறு நின்றது.

### எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

புது மாடல்களில், முக்கியமாக இன்வெர்டர் வகைகளில், டைமர் கிடையாது. காயிலில் ஒரு சென்சாரும், எல்லாவற்றையும் நடத்துகிற ஒரு போர்டும் இருக்கும். சென்சாரைச் சோதிக்க அதன் ஓம் அளவு தெரிந்திருக்கவேண்டும். போர்டைத் தொடவே வேண்டாம், பிளக்கை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் அதில் கரண்ட் தங்கியிருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆனால் வந்தவர் சென்சார், ஹீட்டர், ஃபியூஸ் எதையும் அளந்து பார்க்காமல் "போர்டு போச்சு" என்று ஆரம்பித்தால் இவற்றை முதலில் அளந்து காட்டச் சொல்லுங்கள். இருப்பதிலேயே விலை அதிகம் போர்டுதான். அதைச் சந்தேகப்படவேண்டியது கடைசியில்.

## அறிகுறி: உள்ளே கரகரவென்று சத்தம், கதவைத் திறந்தால் நிற்கிறது

ஃபேன் இறக்கை ஐஸில் உரசுகிறது. ஒரு தடவை மட்டும் என்றால் மேலே சொன்ன 24 மணி நேர வைத்தியம் போதும். ஒரு வாரத்தில் திரும்ப வந்தால் இது தனி நோய் இல்லை, முதல் அறிகுறியின் ஆரம்பம்தான்; கீழ்ப்பகுதி சூடாவதற்கு இன்னும் ஓரிரு நாள் இருக்கிறது என்று அர்த்தம். ஐஸ் இல்லாமலும் சத்தம் வந்தால் ஃபேன் மோட்டார் தேய்ந்துவிட்டது. சத்தத்தோடு ஓடவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள், இறக்கை உடைந்துவிடும்.

## அறிகுறி: ஃப்ரீசர் தரையில் ஐஸ் பலகை, காய்கறிப் பெட்டியில் தண்ணீர்

குளிர்ச்சி எல்லாம் நன்றாக இருக்கும். கத்தரிக்காயும் கொத்தமல்லியும் மட்டும் தண்ணீரில் மிதக்கும். இங்கே ஹீட்டர் வேலை செய்கிறது, உருகிய தண்ணீர் வெளியேறும் வழிதான் அடைத்திருக்கிறது. காயிலுக்குக் கீழே ஒரு வாய்க்கால், அதன் நடுவில் ஒரு துளை, அதிலிருந்து ஒரு குழாய் கம்ப்ரஸர் மேலே இருக்கிற தட்டுக்குப் போகும். துளையில் ஐஸ் அடைத்தால் தண்ணீர் காற்று வரும் வழியாகக் கீழே சொட்டும்.

முதலில் 24 மணி நேரம் உருக்கிவிடுங்கள். பின்தட்டைத் திறக்கத் தெரிந்தால், ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து (கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும்) துளையில் விடுங்கள். கம்ப்ரஸர் மேலே இருக்கிற தட்டில் சளசளவென்று விழவேண்டும். விழவில்லை என்றால் குழாயின் கீழ்முனையைப் பாருங்கள். சில மாடல்களில் அங்கே ரப்பர் மூக்கு ஒன்று இருக்கும், அதன் வாயில் பாசி பிடித்து ஒட்டிக்கொள்ளும். கழற்றிக் கழுவி மாட்டினால் சரி.

இப்படிச் செய்தும் மாதம் ஒருமுறை திரும்ப வந்தால், ஹீட்டரிலிருந்து அந்தத் துளைக்குள் சூட்டைக் கொண்டுபோகும் சின்ன உலோகத் தகடு கழன்று விழுந்திருக்கலாம். சில மாடல்களில் அது இருக்கும். மெக்கானிக்கிடம் இதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பலர் அடைப்பை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லாத நாளுக்கு மறுநாள் மட்டும் ஃப்ரீசர் தரையில் மெல்லிய ஐஸ் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பாதி உருகிய தண்ணீர் மறுபடி உறைந்ததுதான். துடைத்துவிடுங்கள்.

### சிங்கிள் டோரில் இதே தண்ணீர் வந்தால்

பல மாடல்களில் கீழ்ப்பகுதியின் பின்சுவர் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். மதுரை வீடுகளில் அதை அடைப்பது பெரும்பாலும் மல்லிகைப் பூ. மாட்டுத்தாவணியிலோ வாசலில் வரும் பூக்காரம்மாவிடமோ வாங்கிய பூவை வாழை இலையில் சுற்றிப் பின்சுவரோரமாக வைப்போம். உதிர்ந்த இதழும் கட்டிய நாரும் தண்ணீரோடு ஓடிப்போய்த் துளையில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தடவை ஒரு முழ நீளத்துக்கு வாழை நாரை இழுத்திருக்கிறேன். கறிவேப்பிலையும் அப்படித்தான். பஞ்சு சுற்றிய குச்சியாலோ வளைகிற பிளாஸ்டிக் வயராலோ மெதுவாகத் துழாவி எடுத்து, ஒரு தம்ளர் வெந்நீர் விட்டால் முடிந்தது. கம்பி விடாதீர்கள். பூவை இனி மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள், மணமும் அதிலேயே நிற்கும்.

## அறிகுறி: லைட் எரிகிறது, ஆனால் ஃபிரிட்ஜ் மணிக்கணக்கில் மௌனம், ஃப்ரீசரே உருகி ஓடுகிறது

வோல்டேஜ் சரியாக இருக்கிறதா, தெர்மோஸ்டாட்டை யாராவது பூஜ்யத்தில் வைத்துவிட்டார்களா என்று பார்த்த பிறகு, டைமர் உள்ள மாடலில் நான் முதலில் சந்தேகப்படுவது டைமரைத்தான். உருக்கும் நிலைக்குப் போன இடத்திலேயே நின்றுவிட்டது. டைமரின் நடுவில் இருக்கிற வெட்டைக் கொஞ்சம் திருப்பியதும் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் சந்தேகமே இல்லை. இதைக் கம்ப்ரஸர் போய்விட்டது என்று நினைத்து ஃபிரிட்ஜைப் பழைய சாமான் கடைக்குப் போட்டவர்கள் உண்டு. திருப்பிவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள், அடுத்த சுற்றில் மறுபடி அங்கேதான் நிற்கும்.

கம்ப்ரஸர் 'டிக்' என்று முயன்று முயன்று நின்றால் அது வேறு கோளாறு. பிளக்கை உருவிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ஃபிரிட்ஜின் பின்னால் தரையில் தண்ணீர்

கம்ப்ரஸர் மேலே இருக்கும் தட்டு நகர்ந்திருக்கும், அல்லது விரிசல் விட்டிருக்கும். வீடு பெருக்கும்போது ஃபிரிட்ஜை இழுத்துத் தள்ளியதில் குழாய் தட்டைவிட்டு விலகியிருக்கும். கண்ணால் பார்த்தாலே தெரியும்.

தட்டைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அதில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற இந்தத் தட்டைப் பார்ப்பது அதற்காகத்தான். கழற்ற வருகிற தட்டாக இருந்தால் வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கழற்ற வராவிட்டால் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தேய்ப்பது முக்கியம்.

## அறிகுறி: சிங்கிள் டோரில் ஐஸ் மலையாகிறது

கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் ஐஸ் ஏறியதும் பட்டனை அமுக்கிவிடவேண்டும். அதற்குமேல் போனால் குளிர்ச்சி குறையும், கரண்ட் பில் ஏறும். ஒழுங்காக அமுக்கியும் மூன்று நாலு நாளில் மலையாகிறது என்றால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

ஃப்ரீசருக்கு இருக்கிற சின்ன உள்கதவு உடைந்திருக்கிறதா? அதன் ஸ்பிரிங் போய்ப் பாதி திறந்தே கிடக்கும் வீடுகள் ஏராளம். இதை மாற்றினாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். அடுத்து கதவு ரப்பர், நோட்டு வைத்துப் பார்ப்பது. அப்புறம் சூடான சாம்பாரையும் மூடாத ரசத்தையும் உள்ளே வைக்கும் பழக்கம். தெர்மோஸ்டாட்டை மழைக்காலத்திலும் கடைசி எண்ணிலேயே வைத்திருப்பது. இவை நாலும் சரியாக இருந்து, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது, மாற்றவேண்டும்.

### பட்டன் வெளியே வரவில்லை

அமுக்கிய பட்டன் ஐஸ் உருகியதும் தானாக வெளியே குதிக்கவேண்டும். ராத்திரி அமுக்கிவிட்டுத் தூங்கி, காலையில் எல்லாம் உருகி, ஃபிரிட்ஜ் செத்ததுபோல் கிடந்தால் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டது. எப்போதாவது ஒருமுறை என்றால் பிசுக்கு. ஐஸ் முழுக்கப் போய் ஒரு மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை, அடுத்த தடவையும் அப்படியே என்றால் தெர்மோஸ்டாட்டோடு மாற்றுவதுதான் வழி. அதுவரை பட்டனை விட்டுவிட்டு, பிளக்கை உருவிக் கையால் உருக்கிக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் வெந்நீரை ஃப்ரீசருக்குள், ஒரு துணிமேல் வைத்துக் கதவைச் சாத்தினால் அரைமணியில் கட்டி கட்டியாகக் கழன்று வரும்.

### ஐஸ் இருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா

கத்தியால் குத்திய இடத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தால் தகடு ஓட்டையாகிவிட்டது. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வருகிறவர் எடைத் தராசு கொண்டுவருகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்-600ஏ கேஸைக் கிராம் கணக்கில் எடைபோட்டு ஏற்றவேண்டும். கைக்கணக்கில் ஏற்றினால் சரியாகக் குளிராது.

## மெக்கானிக் வரும்போது

"குளிர மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். உருக்கி வைத்த தேதி, திரும்பக் கெட்ட தேதி, காயில் போட்டோ இந்த மூன்றையும் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டைமர், பைமெட்டல், ஹீட்டர் எதை மாற்றியிருந்தாலும், காயிலில் பனி ஏறியபின் ஒருமுறை கையால் உருக்கும் நிலைக்குத் திருப்பி அந்த 'சுர்' சத்தத்தைக் கேட்க வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பனி ஏற நேரம் இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து வந்து செய்துகாட்டச் சொல்வதில் தப்பில்லை. நானும் அப்படித்தான் திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.